ஒரு 'கிறேன்', ஐந்து ஆங்கிலம்: நிகழ்காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு லீவ் லெட்டர் மனப்பாடமாக இருக்கும். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி, இரண்டு நாள் விடுப்புக் கேட்டு, "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடியும். சித்தி கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான், மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தாலும் காய்ச்சல்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மேலாளருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்." விடுப்பு கிடைத்தது. திரும்பி வந்ததும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஒரு வரியில் இரண்டு தவறு இருக்கிறது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்றார். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 'மூன்று நாளாகக் காய்ச்சலால் அவதிப்படுகிறேன்' என்பதைத்தானே எழுதியிருந்தேன்? தமிழில் அதில் குற்றமே இல்லையே.

தமிழில் குற்றம் இல்லாததால்தான் ஆங்கிலத்தில் குற்றம் வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நம்முடைய 'கிறேன்' எதையும் தாங்கும். கீழே உள்ள ஐந்து வாக்கியங்களைப் பாருங்கள்.

தினமும் பஸ்ஸில் போகிறேன்: "ஐ கோ பை பஸ் எவ்ரி டே."
இதோ, கடைக்குப் போகிறேன்: "ஐ ஆம் கோயிங் டு த ஷாப்."
நாளை ஊருக்குப் போகிறேன்: "ஐ ஆம் கோயிங் ஹோம் டுமாரோ."
ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன்: "ஐ ஹேவ் பீன் கோயிங் டு த ஜிம் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்."
சரி, யாரும் போகவேண்டாம், நானே போகிறேன்: "ஐ வில் கோ."

ஐந்திலும் அதே 'போகிறேன்'. தமிழ் கேட்பவருக்குக் குழப்பம் வராது; 'தினமும்', 'நாளை', 'ஆறு மாதமாக' போன்ற சொற்கள் வேலையை முடித்துவிடும். ஆங்கிலத்திலோ வினைச்சொல்லே உருமாற வேண்டும். 'போகிறேன்' என்றதும் ஏதாவது ஒன்றை எடுத்து நீட்டினால் ஐந்தில் மூன்று, நான்கு தடவை தவறும்.

சிம்பிள் பிரசென்ட், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி மனப்பாடம் செய்வதுதான் வழக்கமான முறை. அந்த அட்டவணையை நானும் மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் மறந்தேன். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன், வாக்கியத்தைத் தமிழிலேயே கொஞ்சம் மாற்றிச் சொல்லிப் பார்ப்பது. எந்த மாற்றத்தை உங்கள் காது ஏற்றுக்கொள்கிறதோ, அது ஆங்கில வடிவத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆங்கிலக் காது இன்னும் வளராதவருக்கும் தமிழ்க் காது பிறந்ததிலிருந்தே இருக்கிறதல்லவா?

முதல் படி: 'கிறேன்' இடத்தில் 'வேன்', 'பேன்' வைத்துப் பாருங்கள்

'தினமும் காலையில் காபி குடிக்கிறேன்.' 'தினமும் காலையில் காபி குடிப்பேன்.' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். வினையை இப்படி மாற்றியும் பொருள் நகரவில்லை என்றால் அது வழக்கம். ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசென்ட். "ஐ ட்ரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்."

'இதோ, காபி குடிக்கிறேன்' என்பதை 'இதோ, காபி குடிப்பேன்' என்று மாற்றிப் பாருங்கள். காது ஒத்துக்கொள்ளாது. ஆகவே அது வழக்கம் அல்ல, வேறு ஏதோ.

இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால உருவைக் கடன் வாங்குவதால், புதிதாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் "டெய்லி ஐ வில் கோ டு த டெம்பிள்" என்பார்கள். 'தினமும் கோவிலுக்குப் போவேன்' என்பதன் நிழல் அது. கேட்கும் ஆங்கிலேயருக்கு 'இனிமேல் தினமும் போகப்போகிறேன்' என்ற சபதம் மாதிரி விழும். 'வேன்' தமிழில் சோதனைக்கு மட்டும்; ஆங்கிலத்தில் அதை "வில்" ஆக்க வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வாக்கியத்தை மறுத்துப் பாருங்கள். தமிழில் இதற்கு அழகான பிரிவினை இருக்கிறது. 'நான் மீன் சாப்பிடுவதில்லை' என்றால் பழக்கமே இல்லை: "ஐ டோன்ட் ஈட் ஃபிஷ்." 'இன்று நான் மீன் சாப்பிடவில்லை, சாம்பார் போதும்' என்று பந்தியில் உட்கார்ந்து சொன்னால் இந்த வேளைக்கு மட்டும்: "ஐ ஆம் நாட் ஈட்டிங் ஃபிஷ் டுடே." 'வதில்லை' வந்தால் சிம்பிள் பிரசென்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

என்றைக்கும் மாறாத உண்மைகளும் இந்த வகையில்தான் சேரும். சூரியன் கிழக்கில் உதிக்கிறது, கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. மூன்று காலத்திலும் ஒரே மாதிரி இருப்பதை நிகழ்காலத்தால் சொல்வார்கள் என்று நன்னூலில் பவணந்தி முனிவரே விதி எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயரும் அப்படியேதான் செய்கிறார்கள்: "த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்."

"ரைசஸ்" என்பதன் கடைசியில் ஒட்டும் அந்த 'ஸ்' பற்றி ஒரு பத்தி போதும். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் "ஹி, ஷி, இட்" மூன்றுக்கு மட்டும் ஒரே ஓர் 'ஸ்'. அதைக்கூட விட்டுவிடுகிறோம் என்றால் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வியிலும் மறுப்பிலும் "டஸ்" வந்து அந்த 'ஸ்'ஸைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வினைச்சொல் வெறுமனே நிற்கும். "ஷி வொர்க்ஸ்", ஆனால் "டஸ் ஷி வொர்க்?", "ஷி டஸின்ட் வொர்க்."

இரண்டாம் படி: 'கொண்டிருக்கிறேன்' பொருந்துகிறதா?

'இதோ, காபி குடிக்கிறேன்', 'காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்'. பொருந்துகிறது. "ஐ ஆம் ட்ரிங்க்கிங் காஃபி." இதுதான் பிரசென்ட் கன்டினியூவஸ்.

செயல் இந்த நிமிடமே நடக்க வேண்டும் என்பதில்லை. தோசை சாப்பிட்டுக்கொண்டே "ஐ ஆம் ரீடிங் எ நாவல் தீஸ் டேஸ்" என்று தாராளமாகச் சொல்லலாம். நாவலை ஆரம்பித்தாயிற்று, இன்னும் முடிக்கவில்லை, அவ்வளவு போதும்.

'எப்போது பார்த்தாலும் புலம்பிக்கொண்டே இருக்கிறார்' என்று எரிச்சலோடு சொல்வதற்கும் இதே வடிவம்தான்: "ஹி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெய்னிங்." நம் 'கொண்டே'யில் இருக்கும் சலிப்பு முழுவதும் அந்த "ஆல்வேஸ்"ஸில் வந்துவிடும்.

"ஆம், இஸ், ஆர்" ஆகியவற்றை விழுங்கிவிடுவது ஆரம்பக்காரர்களின் வியாதி. 'நான் ஆசிரியர்', 'அவர் டாக்டர்' என்று இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்தாலே தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் "ஐ கோயிங்", "ஷி குக்கிங்" என்று வருகிறது. வேறு சிலர் பயந்துபோய் எல்லா இடத்திலும் "ஆம்" போட்டு "ஐ ஆம் கோ" என்பார்கள். 'இங்' இருந்தால் "ஆம்" வேண்டும். 'இங்' இல்லாத வெறும் வினைக்கு "ஆம்" வேண்டாம்.

இந்தச் சோதனை சறுக்கும் இரண்டு இடங்கள் உண்டு: வேலை, வீடு. 'வங்கியில் வேலை பார்க்கிறேன்' என்பதை 'வேலை பார்ப்பேன்' என்று மாற்றினால் பொருள் கெட்டுவிடுகிறது. 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பது பொருந்துகிறது. ஆனால் நிரந்தர வேலைக்கு ஆங்கிலத்தில் "ஐ வொர்க் இன் எ பேங்க்" என்றுதான் சொல்வார்கள். "ஐ ஆம் வொர்க்கிங் இன் எ பேங்க்" என்றால் தற்போதைக்கு அங்கே, நாளை எப்படியோ என்ற தொனி. நேர்முகத் தேர்வில் அந்தத் தொனி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம். வீட்டுக்கும் அப்படியே: சொந்த ஊரில் குடியிருந்தால் "ஐ லிவ் இன் மதுரை", ஆறு மாதப் பயிற்சிக்காக வந்திருந்தால் "ஐ ஆம் லிவிங் இன் சென்னை."

மூன்றாம் படி: வாக்கியம் 'எனக்கு' என்று தொடங்குகிறதா?

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். தமிழர்களின் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் தவறு இங்கேதான் பிறக்கிறது, அதைத் திருத்தும் மருந்தும் தமிழிலேயே இருக்கிறது.

"ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் வான்டிங் டூ டிக்கெட்ஸ்", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? எனக்கு அவரைத் தெரியும். எனக்கு இரண்டு டிக்கெட் வேண்டும். எனக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். நான்கிலும் 'நான்' இல்லை, 'எனக்கு'தான் இருக்கிறது. நாம் செய்யும் செயலாக அவற்றைத் தமிழ் பார்க்கவில்லை. நமக்கு நேர்ந்திருக்கும் நிலையாகப் பார்க்கிறது. இவற்றோடு 'கொண்டிருக்கிறது' சேர்த்துப் பாருங்கள்: 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது.' 'எனக்கு டிக்கெட் வேண்டிக்கொண்டிருக்கிறது.' பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருக்கிறதல்லவா? "ஐ ஆம் நோயிங்" என்பது ஆங்கிலேயர் காதில் ஏறக்குறைய அப்படித்தான் விழும்.

ஆகவே 'எனக்கு' வந்தால் 'இங்' போடாதீர்கள். எனக்குத் தெரியும், "ஐ நோ." எனக்குப் பிடிக்கும், "ஐ லைக்." எனக்கு வேண்டும், "ஐ வான்ட்." எனக்கு ஞாபகம் இருக்கிறது, "ஐ ரிமெம்பர்." எனக்குப் பாட்டுக் கேட்கிறது, "ஐ கேன் ஹியர் த சாங்." பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் "ஆம்" தவிர வேறு வினை வேண்டாம்: "ஐ ஆம் ஹங்க்ரி", "ஐ ஆம் ஸ்லீப்பி." விதிவிலக்காக நிற்பது வலி. 'எனக்குக் கால் வலிக்கிறது' என்பதற்கு "மை லெக் ஹர்ட்ஸ்", "மை லெக் இஸ் ஹர்ட்டிங்" இரண்டுமே சரி.

'எனக்கு' இல்லாமலேயே இந்தக் கூட்டத்தில் சேரும் சில வினைகள் உண்டு. நம்புகிறேன், "ஐ பிலீவ்." ஒப்புக்கொள்கிறேன், "ஐ அக்ரீ." வெறுக்கிறேன், "ஐ ஹேட்." வாக்குக் கொடுக்கிறேன், "ஐ ப்ராமிஸ்." மன்னிப்புக் கேட்கிறேன், "ஐ அபாலஜைஸ்." கடைசி இரண்டும் சொன்ன மாத்திரத்தில் செயல் முடிந்துவிடும் சொற்கள்; நீட்டுவதற்கு அங்கே நேரமே இல்லை. இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

"ஹேவ்" என்ற சொல்லுக்கு மட்டும் இரட்டை முகம். உடைமையைச் சொன்னால் 'இங்' கூடாது. சாப்பிடுவதைச் சொன்னால் தாராளமாக வரலாம். "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" என்பது மதியச் சாப்பாடு. அதே கணக்கில் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றால் அண்ணன்கள் இலையில் இருக்கிறார்கள் என்றாகிறது. வகுப்பில் கை தூக்கி "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" என்பதையும் விட்டுவிடுங்கள். நாம் கேட்க நினைப்பது கேள்வி. "ஐ ஹேவ் எ க்வெஸ்டியன்" போதும்.

"திங்க்" என்பதற்கும் இரண்டு முகம், ஆனால் தமிழ் அதை முன்கூட்டியே பிரித்து வைத்திருக்கிறது. 'நல்லவர் என்று நினைக்கிறேன்' என்பது கருத்து: "ஐ திங்க் ஹி இஸ் எ குட் மேன்." 'வீடு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்பது மூளை வேலை செய்வது: "ஐ ஆம் திங்க்கிங் ஆஃப் மூவிங்." நினைப்புக்கு இங் இல்லை, யோசனைக்கு உண்டு.

உடனே யாராவது கேட்பார்கள்: மெக்டொனால்ட்ஸ் மட்டும் "ஐ ஆம் லவிங் இட்" என்று சொல்லலாமா? 2003இலிருந்து அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சாப்பிடும் இந்த நொடியின் சந்தோஷம் என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே விதியை மீறிய விளம்பரம் அது. விதி தெரிந்தவர் மீறினால் நயம். தேர்வுத்தாளில் நீங்கள் மீறினால் மதிப்பெண் போகும்.

நமக்குள் பேசும்போது இந்த 'இங்' இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. "ஐ ஆம் ஹேவிங்" என்று சொன்னதற்காக ஒரு சக ஊழியரைப் பார்த்துச் சிரிப்பது அற்பத்தனம். ஆனால் வேலைக்கான கடிதம், தேர்வு, வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று வரும்போது கவனமாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: 'ஆக', 'இருந்து' கண்ணில் பட்டால் நிறுத்துங்கள்

என் காய்ச்சல் கடிதம் சறுக்கிய இடம் இது. 'மூன்று நாளாக', 'பத்து வருடமாக', 'காலையிலிருந்து', '2015 முதல்'. இப்படி ஒரு சொல் இருந்தால், வினை 'கிறேன்' என்று முடிந்தாலும் 'கொண்டிருக்கிறேன்' என்று முடிந்தாலும் ஆங்கிலத்தில் "ஹேவ்" அல்லது "ஹேஸ்" வந்தே தீர வேண்டும். கடந்த காலத்தில் தொடங்கி இந்த நிமிடம் வரை நீளும் ஒரு கயிறு அது. "ஐ ஆம்" என்பது கயிற்றின் இந்த நுனியை மட்டும்தான் பிடிக்கும்.

செயலாக இருந்தால் "ஹேவ் பீன்" போட்டு இங்: 'காலையிலிருந்து மழை பெய்கிறது', "இட் ஹேஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் மார்னிங்." மூன்றாம் படியில் பார்த்த நிலை வினையாக இருந்தால் இங் கிடையாது: 'அவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும்', "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்."

"சின்ஸ்", "ஃபார்" குழப்பத்தையும் தமிழே தீர்த்துவிடும். 'இருந்து', 'முதல்' என்றால் "சின்ஸ்": திங்கட்கிழமையிலிருந்து, "சின்ஸ் மண்டே", 2015 முதல், "சின்ஸ் 2015." 'ஆக' என்றால் "ஃபார்": மூன்று நாளாக, "ஃபார் த்ரீ டேஸ்", வெகு நாளாக, "ஃபார் எ லாங் டைம்." தொடங்கிய புள்ளிக்கு ஒன்று, கடந்த நீளத்துக்கு இன்னொன்று. "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதியபோது நான் நீளத்தைப் புள்ளியாக்கிவிட்டேன். மேலாளர் சொன்ன இரண்டாவது தவறு அது, முதல் தவறு "ஐ ஆம்."

ஐந்தாம் படி: 'திருக்கிறேன்' எல்லாம் பெர்ஃபெக்ட் இல்லை

பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன், வந்திருக்கிறார். இவை பெரும்பாலும் நேராகப் பிரசென்ட் பெர்ஃபெக்ட்டுக்குப் போகும். 'தாஜ்மஹாலைப் பார்த்திருக்கிறேன்', "ஐ ஹேவ் சீன் த தாஜ் மஹால்." எப்போது பார்த்தீர்கள் என்பது அங்கே பேச்சே இல்லை, பார்த்த அனுபவம் இன்று உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நாளையோ வருடத்தையோ சொல்லிவிட்டால் உடனே இறந்த காலத்துக்கு இறங்கிவிட வேண்டும்: "ஐ சா த தாஜ் மஹால் இன் 2019." "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்பது ஆங்கிலத்தில் ஒட்டாத ஜோடி. "ஹேவ்" இருந்தால் "எஸ்டர்டே" வெளியே.

'சாப்பிட்டாயிற்றா?' என்ற கேள்விக்கு 'சாப்பிட்டுவிட்டேன்' என்கிறோமே, அந்த 'விட்டேன்' கூடப் பலநேரம் பெர்ஃபெக்ட்தான்: "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்." அமெரிக்கர்கள் "ஐ ஆல்ரெடி ஏட்" என்று எளிமையாக முடித்துவிடுவார்கள். இரண்டையும் கேட்க நேரும், திகைக்க வேண்டாம்.

'அவர் சிங்கப்பூர் போயிருக்கிறார்' என்பதில் தமிழில் இரண்டு பொருள் இருக்கிறது. ஆங்கிலம் இங்கே நம்மை விடக் கறார். இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் "ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்." ஒருமுறை போய்த் திரும்பியவர் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்."

இனிப் பொறி. ஒருமுறை தெரிந்தவரின் மகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் தேர்வுக்கு உதவிக்கொண்டிருந்தேன். ஒரு புகைப்படத்தைக் காட்டி வர்ணிக்கச் சொல்லும் பகுதி. படத்தில் ஒரு பெரியவர், நாற்காலி, சிவப்புச் சட்டை, மடியில் பூனை. அவள் தயங்காமல் சொன்னாள்: "த மேன் ஹேஸ் சாட் ஆன் எ சேர். ஹி ஹேஸ் வோர்ன் எ ரெட் ஷர்ட்." தமிழில் உட்கார்ந்திருக்கிறார், சட்டை போட்டிருக்கிறார். அவள் செய்தது துல்லியமான மொழிபெயர்ப்பு. ஆனால் ஆங்கிலத்தில் இவை கன்டினியூவஸ்: "ஹி இஸ் சிட்டிங் ஆன் எ சேர். ஹி இஸ் வேரிங் எ ரெட் ஷர்ட்." படுத்திருக்கிறார், "இஸ் லையிங் டவுன்." கையில் குடை பிடித்திருக்கிறார், "இஸ் ஹோல்டிங் அன் அம்ப்ரெல்லா." லாட்ஜில் தங்கியிருக்கிறார், "இஸ் ஸ்டேயிங் இன் எ லாட்ஜ்."

உடல் இருக்கும் நிலை, உடை, கையில் உள்ள பொருள், தற்காலிகத் தங்கல் ஆகியவற்றில் தமிழ் 'திருக்கிறார்' என்று சொன்னாலும் ஆங்கிலம் 'இங்' என்று சொல்லும். இரண்டு சொற்கள் இந்த வரிசையிலும் நிற்காது: 'கார் வைத்திருக்கிறார்' என்பது வெறும் "ஹி ஹேஸ் எ கார்", 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பது வெறும் "ஐ லைக் இட்."

ஆறாம் படி: இன்னும் நடக்காத 'கிறேன்'

'நாளை மதுரைக்குப் போகிறேன்' என்று டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுச் சொன்னால் கன்டினியூவஸ்: "ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ." ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கால அட்டவணை இருப்பதால் சிம்பிள் பிரசென்ட்: "த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் டென்."

'பிறகு கூப்பிடுகிறேன்', 'நான் பார்த்துக்கொள்கிறேன்', 'நாளைக்குத் தருகிறேன்' எல்லாம் பேசும்போதே கொடுக்கும் வாக்குறுதிகள். இவற்றுக்கு "வில்" போட வேண்டும்: "ஐ வில் கால் யூ லேட்டர்." ஆனால் 'அவர் வரும்போது', 'மழை பெய்தால்' போன்ற துணை வாக்கியங்களுக்குள் "வில்" நுழையக் கூடாது: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." "வென் ஹி வில் கம்" என்று எழுதி அடி வாங்காதவர் குறைவு.

விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வது அபசகுனம் என்று நாம் 'வருகிறேன்' என்போம். அதை அப்படியே பெயர்த்து "ஓகே, ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் வெளிநாட்டுக்காரர் வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். "ஐ ஆம் லீவிங்", அல்லது "சீ யூ."

செய்தித் தலைப்புகளும் கிரிக்கெட் வர்ணனையும் தனி உலகம். நேற்று நடந்ததைப் பத்திரிகை சிம்பிள் பிரசென்ட்டில் தலைப்பாக்கும். வர்ணனையாளர் கண்முன் நடப்பதையே "ஹி ரன்ஸ் இன், ஹி போல்ஸ்" என்பார், பந்து போகிற வேகத்துக்கு "இஸ் போலிங்" என்று இழுக்க முடியாது. அங்கிருந்து இலக்கணம் கற்க வேண்டாம்.

ஒரு முழு உதாரணம்

நேர்முகத் தேர்வுக்குப் போகும் ஒருவர் தமிழில் இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'என் சொந்த ஊர் தேனி. இரண்டு வருடமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் கணக்கராக வேலை பார்க்கிறேன். எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவள் நர்சிங் படிக்கிறாள். மாலையில் நான் டாலி என்ற கணக்கு மென்பொருள் வகுப்புக்குப் போகிறேன். இதுவரை மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன்.'

முதல் வரியில் சிக்கல் இல்லை: "ஐ ஆம் ஃப்ரம் தேனி." இரண்டாவதில் 'வருடமாக' கண்ணில் படுகிறது, நான்காம் படி: "ஐ ஹேவ் பீன் லிவிங் இன் கோயம்புத்தூர் ஃபார் டூ இயர்ஸ்." மூன்றாவது வரியில் இருப்பது வேலை, அதுவும் நிரந்தரம்: "ஐ வொர்க் ஆஸ் அன் அக்கவுன்டன்ட்." நான்காவதில் 'எனக்கு': "ஐ ஹேவ் எ சிஸ்டர்." ஐந்தாவதை 'படிப்பாள்' என்று மாற்றினால் பொருள் நகர்கிறது, 'படித்துக்கொண்டிருக்கிறாள்' பொருந்துகிறது: "ஷி இஸ் ஸ்டடியிங் நர்சிங்." கடைசி வரியில் தேதி இல்லாத அனுபவம்: "ஐ ஹேவ் வொர்க்ட் ஃபார் த்ரீ கம்பெனிஸ் ஸோ ஃபார்."

ஆறாவது வரிதான் கொஞ்சம் விளையாடும். 'மாலையில் டாலி வகுப்புக்குப் போவேன்' என்பதும் பொருந்துகிறது, 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதும் பொருந்துகிறது. மாலைப் பழக்கம் என்று பார்த்தால் "ஐ கோ", மூன்று மாத வகுப்பு, அடுத்த மாதம் முடிகிறது என்று பார்த்தால் "ஐ ஆம் கோயிங்." இரண்டும் இலக்கணப்படி சரி. இப்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவது நல்லது. நானாக இருந்தால் "ஐ ஆம் டேக்கிங் எ டாலி கோர்ஸ் இன் த ஈவினிங்ஸ்" என்பேன்.

காய்ச்சல் கடிதத்துக்கு வருவோம். திருத்தினால் "ஐ ஹேவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்" என்றாகிறது. இலக்கணம் சரியாகிவிட்டது. ஆனால் மூன்று நாள் காய்ச்சலுக்கு "சஃபரிங்" என்பது கொஞ்சம் கனமான சொல் என்று மேலாளர் அன்று இன்னொரு திருத்தமும் சொன்னார். "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ். ஐ வோன்ட் பி ஏபிள் டு கம் டுடே." அடுத்த முறை விடுப்புக் கேட்கும்போது அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளலாம், நாட்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும்.